தலைவரை இறக்கும் முறை

அது வெறும் பிளாஸ்டிக் நாற்காலிதான். அதன் முதுகில் சிவப்புப் பெயிண்டால் ‘தலைவர்’ என்று எழுதியிருந்தது, அவ்வளவே. ஆனால் ஹேமநாதனுக்கு ஆறு வருடங்களாக அதன்மேல் ஒரு கண்.

ரந்தாவுக்கு அருகே உள்ள அந்தச் செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவன் உபதலைவர். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவராக இருப்பவருக்குத்தான் கோயிலில் பரிவட்டம் கட்டுவார்கள். அம்மன் ரதத்துக்கு முன்னால் நடப்பதும் அவர்தான். இன்று மாலைக்குள் தலைவர் நல்லசாமி இறங்கிவிட்டால், இந்த வருடப் பரிவட்டம் ஹேமநாதன் தலையில்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கோயில் மண்டபத்தில் விசிறிகள் கிறீச்சிட்டன. பொதுக்குழு கூடியிருந்தது. நல்லசாமி ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் நாற்காலியில் ஹேமநாதன். கூட்டத்தை நடத்துவது இன்று அவன்தான்.

"நம்ம கோயில் சட்டப் புத்தகத்துல தலைவரத் தேர்ந்தெடுக்கத்தான் வழி இருக்கு, இறக்க வழியில்ல. அதனால அமெரிக்கா முறையில போறோம். இம்பீச்மென்ட்."

"அது என்னா தம்பி, ஊசி பேரு மாதிரி இருக்கு?" என்றாள் பஞ்சாலை. ஆற்றுக்கு அப்பால், பழைய லயத்து வரிசை வீடுகளில் இன்னும் குடியிருக்கும் சில குடும்பங்களில் ஒன்று அவளுடையது. வழக்கைக் கிளப்பியவளே அவள்தான். போன வருடம் ரதம் பழைய லயத்துக்கு வரவில்லை. நல்லசாமி யாரையும் கேட்காமல் அதைப் புதுத் தாமான் குடியிருப்புப் பக்கம் திருப்பிவிட்டார். லயத்துச் சனம் தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு விடியும்வரை வாசலில் நின்றது.

ஹேமநாதன் தொண்டையைச் செருமினான். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவன். மில் வாசலில் வரிசையில் காத்திருக்கும்போதெல்லாம் போனில் அமெரிக்கச் செய்திதான். இந்த விஷயத்தில் அவனை மிஞ்ச அந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது.

"சிம்பிள் லா, அக்கா. அங்க ரெண்டு சபை. ஜனாதிபதி பெரிய தப்பு பண்ணிட்டாருன்னா, கீழ்ச்சபை குத்தம் சாட்டும். பாதிக்கு மேல கை தூக்கினா போதும். அதுக்குப் பேருதான் இம்பீச்மென்ட்."

"அதோட ஆளு வீட்டுக்குப் போயிருவாரா?"

"அங்கதான் எல்லாரும் தப்பா நெனைக்கிறாங்க. குத்தம் சாட்டுறது வேற, இறக்குறது வேற. போலீஸ் கேஸ் போடுறதோட ஒருத்தன் குத்தவாளி ஆயிருவானா? மேல்சபை விசாரிக்கணும். ரெண்டு பக்கமும் பேசுவாங்க, சாட்சி வரும். கடைசில மூணுல ரெண்டு பங்கு கை தூக்கினாத்தான் பதவி போகும். ஜெயிலு, அபராதம் அதெல்லாம் அங்க கெடையாது. நாற்காலி போகும், அவ்வளவுதான்."

"இது வரைக்கும் எத்தன ஜனாதிபதிய இப்படி எறக்கியிருக்காங்க?" பின்வரிசையிலிருந்து கேட்டவள் அவன் மனைவி புனிதா.

ஹேமநாதனின் குரல் இறங்கியது. "ஒருத்தரும் இல்ல."

மண்டபம் சிரித்தது. அவன் மேசையைத் தட்டினான்.

"நம்ம கதைக்கு வாங்க. செயலவைதான் நம்ம கீழ்ச்சபை. போன வாரமே பாதிக்கு மேல கை தூக்கிக் குத்தம் சாட்டியாச்சு. மேல்சபை நீங்க. தலைவர விட்டுட்டு முப்பது பேரு இருக்கோம். நாற்காலில இருக்கிற எனக்கு ஓட்டு இல்ல. பாக்கியில மூணுல ரெண்டு பங்குன்னா, இருபது கை."

அந்த இருபது கைகளை அவன் ஏற்கெனவே வீடு வீடாகப் போய் உறுதி செய்திருந்தான். சரியாக இருபது. குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

நல்லசாமி மெல்லக் கையைத் தூக்கினார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். அதட்டிப் பேசியே பழகிய குரல், இன்று தணிந்திருந்தது.

"ஒரு சந்தேகம், தம்பி. அந்த மேல்சபைல யாரு நாற்காலில உக்காருவாங்க?"

"எப்பவும் உப ஜனாதிபதிதாண்ணே."

"ஜனாதிபதிய விசாரிக்கிறப்பவுமா?"

"இல்லல்ல, அதுக்குன்னு நாட்டோட தலைமை நீதிபதி வருவாரு."

"ஏன், உப ஜனாதிபதி உக்காந்தா என்னா?"

"அதெப்படிண்ணே? ஜனாதிபதி எறங்கினா அந்தப் பதவி அவருக்குத்தானே வரும்! லாபம் கெடைக்கிற ஆளே நடுவுல உக்காந்து..."

சொல்லி முடிக்கவில்லை.  தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தான்.

புனிதாதான் முதலில் சிரித்தாள். "நல்லா வெளக்கமா சொன்னீங்க. எறங்குங்க."

ஹேமநாதனின் முகம் சிவந்தது. "இது கோயிலு, அமெரிக்கா இல்ல" என்று சொல்ல வாயெடுத்தான். இவ்வளவு நேரம் அமெரிக்கா அமெரிக்கா என்று முழங்கியதே அவன்தான். எழுந்துவிட்டான்.

"நான் கதிரையில இருக்கிறன்" என்று முன்னால் வந்தார் மீனலோசனி. போர்டிக்சனில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அம்மாள். எல்லாருக்கும் அவர் மிஸ்ஸியம்மா. "எனக்குப் பதவியும் வேண்டாம், பரிவட்டமும் வேண்டாம். ஓட்டையும் விட்டுட்டன். சரிதானே?"

ஹேமநாதன் மனசுக்குள் கணக்குப் போட்டான். மிஸ்ஸியம்மா அவன் எண்ணி வைத்த இருபதில் ஒருவர். அவர் நாற்காலி ஏறியதும் ஒரு கை குறைந்தது. ஆனால் இறங்கி வந்த அவனுக்கு இப்போது ஓட்டு உண்டு. மறுபடியும் இருபது! அவனுக்கு மூச்சு வந்தது.

"நல்லசாமி, பாதையை ஏன் மாத்தினீர்?" மிஸ்ஸியம்மா நேராகக் கேட்டார்.

"பாலம், மிஸ்ஸியம்மா. லயத்துக்குப் போற பாலத்துக்கு அடியில விரிசல் ஓடியிருக்கு. நான் எறங்கிப் பாத்தேன். ரதமும் அதோட போற கூட்டமும் ஏறினா தாங்காது."

"பொய்!" பஞ்சாலை துள்ளி எழுந்தாள். "எங்க வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டுப் போற டயாலிசிஸ் வேன் வாரம் மூணு தடவ அதுல போகல?"

"வேன் போகும் தாயி, ரதம் போகாது. அத நான் மைக்குல சொல்லியிருந்தா தோட்டத்துக் கம்பெனி மறுநாளே கட்டையப் போட்டு அடைச்சிருக்கும். அப்புறம் ஒன் வீட்டுக்காரருக்கு வேன் எப்படி வரும்? லயத்த காலி பண்ணுன்னுதான் சொல்வாங்க."

"இதுக்கு சாட்சி?" என்று கேட்டார் மிஸ்ஸியம்மா.

"யாருமில்ல. நான் மட்டுந்தான் பாத்தேன்."

"இப்ப நல்லா கதை கட்டுறாரு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மிஸ்ஸியம்மா ஓட்டுக்கு விட்டார். இறக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கட்டும்.

கைகள் உயர்ந்தன. மிஸ்ஸியம்மா வரிசை வரிசையாக எண்ணினார். "பத்தொன்பது."

மண்டபமே ஹேமநாதன் பக்கம் திரும்பியது. அவன் கை முழங்காலில் கிடந்தது.

தூக்கினால் போதும். பரிவட்டம், ரதம், முன்னால் அவன். பஞ்சாலை கண்ணால் ஜாடை காட்டினாள். நல்லசாமி அவனைப் பார்க்கவேயில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாலத்தை ஹேமநாதனுக்குத் தெரியும். ஒரு நாள் குலை நிரம்பிய லாரியோடு ஏறியபோது, பின்சக்கரத்துக்குக் கீழே பாலம் லேசாக அமுங்கி எழுந்தது. அந்த ஒரு நொடி இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து சுமையோடு போனால் மில் ரோட்டைச் சுற்றித்தான் போகிறான். டீசல் கூடுதலாகச் செலவாகிறதென்று முதலாளி திட்டியும், அவன் காரணம் சொன்னதில்லை.

"நான் குலை ஏத்திக்கிட்டு அந்தப் பாலத்துல போறதில்ல" என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "தாங்காது. அண்ணன் சொல்றது நெசம்."

கை முழங்காலிலேயே இருந்தது.

"ஒரு கை குறையுது. தலைவர் தலைவராகவே இருக்கிறார்" என்றார் மிஸ்ஸியம்மா. "ஆனால் சொல்லாமல் செய்தது பிழைதான் நல்லசாமி. பாலத்தைப் பற்றிக் கம்பெனியிடம் பேசத்தான் வேணும். லயத்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு எல்லாருமாகப் போவம். இன்னொரு வழி காட்டாமல் அடைக்கக் கூடாது என்று கேப்பம்."

பஞ்சாலைக்குக் கண் கலங்கிவிட்டது. "அதெல்லாம் சரி. இந்த வருசமும் ஆத்தா எங்க வாசலுக்கு வரமாட்டாளா?"

ஹேமநாதன்தான் சொன்னான். "ரதம் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிக்கட்டும் அக்கா. ஆத்தாள எறக்கித் தோள்ல தூக்கிக்கிட்டு வர்றோம். நாலு ஆளு கனம் பாலம் தாங்கும். கூட்டம் பின்னால ஏறாமப் பாத்துக்குவோம்."

நல்லசாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். "இது ஏன் எனக்குத் தோணல?"

"யாரையாச்சும் கேட்டிருந்தா தோணியிருக்கும்" என்றாள் புனிதா.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை அடுக்கும்போது நல்லசாமி அவன் பக்கத்தில் வந்து நின்றார். கையில் அந்தச் சிவப்பு எழுத்து நாற்காலி.

"இது வேணும்னா அடுத்த வருசம் தேர்தல் இருக்கு, தம்பி. நேரா எதுத்து நில்லு. குத்தம் சாட்டி எறக்குறது பெரிய தப்புக்கு. ஆசைக்கு ஓட்டுப் பெட்டி இருக்கு லா."

"நின்னா ஜெயிப்பேனாண்ணே?"

"காலைல கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன்." நாற்காலியை அடுக்கின் உச்சியில் வைத்தார். "திருவிழா அன்னைக்கு லாரிய எடுத்துராத. பாலத்துல ஆத்தாளுக்கு முன்னந்தோள் நீதான்."