அடுத்த எண்

மழை பிடித்து உப்பளத்தில் வேலை நிற்கும்போதுதான் மரக்காணத்துப் பெண்கள் உடம்பைக் கவனிப்பார்கள். ஒரே ஷேர் ஆட்டோவில் திண்டிவனம் போய், ஸ்கேன் சென்டரில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நிற்பார்கள். போன மழைக்குப் பூவிழியும் அப்படித்தான் போனாள்.

அவள் செத்துக் காரியமும் முடிந்த பிறகு, புருஷன் சித்தார்த்தன் செல்போனில் அவளுடைய ரிப்போர்ட்டை மறுபடி திறந்தான். எதைத் தேடினான் என்று அவனுக்கே தெரியாது. லிங்கின் கடைசியில் ரிப்போர்ட் எண் இருந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. பி.சி.ஏ. படித்தவனுக்கு அதுவே போதும். எண்ணை மாற்றினால் யாருடையதும் திறக்கும்.

மாற்றவில்லை. சென்டருக்கு எழுதினான். உங்கள் மனைவியின் ரிப்போர்ட் உங்களுக்குத் திறந்தால் என்ன தப்பு என்று பதில் வந்தது.

நிரூபிக்க அடுத்த எண்ணைப் போட்டான். முன்பின் தெரியாத யாரோ வருவார்கள் என்று நினைத்தான். ஸ்கேனுக்குப் பெண்கள் நின்ற அந்த வரிசையை மறந்துவிட்டான்.

வந்தது ஆரோக்கியசெல்வி. பூவிழியோடு உப்பு வாரியவள், பக்கத்துத் தெரு. மார்பில் கட்டி, தாமதிக்காமல் திசுப் பரிசோதனை செய்ய வேண்டும். பூவிழியின் ரிப்போர்ட்டிலும் இதே வரிகள்தான். கீழே உப்பள மேஸ்திரி வெங்கடாசலத்தின் போன் நம்பர். செல்போன் இல்லாத பெண்கள் எல்லோரும் அவர் நம்பரைத்தான் கொடுப்பார்கள். வரும் மெசேஜை அவர் பார்ப்பதே இல்லை.

பெயரை மறைத்து அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டைச் சென்டருக்கு அனுப்பினான். உடனே மேனேஜர் பிரபாகரன் கூப்பிட்டார்.

"ஏம்பா, உன்ன யாரு பாக்கச் சொன்னா?"

"நீங்கதான் சார் நம்பல."

"கதவு தொறந்திருந்தா உள்ள பூந்துடுவியா? பொம்பளைங்க சமாச்சாரம். வெளிய ஒரு ஆளுக்குச் சொன்னாலும் கேஸ் போட்ருவோம்."

"அந்தம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"மெசேஜ் போயிருக்கும்."

போயிருக்கும். மேஸ்திரிக்கு.

ஆரோக்கியசெல்வி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ரிப்போர்ட் வாங்கினீங்களா?"

"எதுனா இருந்தா அவங்களே கூப்புடுவாங்களே தம்பி."

சொன்னான். அவள் முதலில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"படமெல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"த்தூ. பொண்டாட்டி போயி ரெண்டு மாசம் ஆவல. ஊரான் பொண்டாட்டி ஒடம்பு கேக்குதா ஒனக்கு?"

"திட்டுங்கக்கா. ஆனா நாளைக்கே போங்க."

போனாள். யார் சொன்னது என்று சென்டரில் கேட்டார்கள். அவன் பேரைச் சொன்னாள்.

அந்த வாரமே ஸ்டேஷனிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். புகாரில் சென்டரின் முத்திரைக்குக் கீழே பாதிக்கப்பட்டவர் என்று அவள் கையெழுத்து. வெளியே வேப்பமரத்தடியில் அவளும் நின்றிருந்தாள். அவனைப் பார்க்காமல் பேசினாள்.

"கையெழுத்துப் போட்டாத்தான் ஒடனே டெஸ்ட்டு எடுப்பாங்களாம். இல்லன்னா பெரியாஸ்பத்திரிக்குப் போ, எப்ப கூப்புடுவாங்கன்னு தெரியாதுன்னாங்க. நான் என்னா பண்ணுவேன்?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச நாளாக எதுவுமே வருவதில்லை.

"தேதி குடுத்துட்டாங்களா?"

"நாளைக்கு."

"வெறும் வயித்துல வரச் சொன்னாங்களான்னு கேட்டுக்கோங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.