லைட்டரின் நாக்கு

பட்டறையில் அவருக்கு மைக்செட் என்று பெயர். ஒரு பக்கம் கிரைண்டர் அலற, இன்னொரு பக்கம் தகடு அடிக்கிற சத்தம் காதைக் கிழிக்க, அவர் இந்தக் கோடியில் நின்றுகொண்டு "ஏய், அந்த வால்வை மூடுடா" என்று ஒரு குரல் விட்டால் அந்தக் கோடியில் இருப்பவன் கை தானாக வால்வுக்குப் போகும். வீட்டிலும் அப்படித்தான். மகளோடு அவர் போன் பேசும்போதெல்லாம் மனைவி, "போன் எதுக்கு? ஜன்னலைத் திறந்து வச்சுப் பேசுங்க, அவளுக்கு நேராவே கேட்கும்" என்பாள்.

அந்த மனுஷனுக்குத்தான் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை போட்டு, இனிமேல் மூச்சு அது வழியாகத்தான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சிகரெட் அன்றோடு போயிற்று. லைட்டர் மட்டும் போகவில்லை. பித்தளை லைட்டர், எந்தக் காற்றிலும் அணையாதது. பட்டறை முற்றத்தில் காற்று சுழற்றியடிக்கிற நாளில்கூட அதில்தான் கேஸ் விளக்கைப் பற்றவைப்பார். ஞாயிற்றுக்கிழமையானால் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவார். மேல்கூட்டைப் பிடித்து உள்கூட்டை உருவுவார். அடியிலிருக்கும் கம்பளித் துண்டைத் தூக்கி, உள்ளே இருக்கும் பஞ்சு நனைகிற அளவுக்குச் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விடுவார். ஸ்க்ரூவைக் கழற்றி, தீப்பொறி தரும் தேய்ந்த கல்லைத் தட்டிவிட்டு, புதுக்கல் போடுவார். திரியின் கருகிய நுனியை நறுக்குவார். கடைசியில் மெத்தென்ற துணியால் துடைத்து, மூடியைத் திறந்து மூடி, அந்த 'டக்' சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

"உங்க பொண்ணைக் குளிப்பாட்டக்கூட நீங்க இவ்வளவு நேரம் செலவழிச்சதில்ல" என்பாள் மனைவி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த 'டக்'தான் அவருக்குக் குரல். அவள் முன்னறையில் தையல் மிஷின் வைத்திருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, நைந்த காலரைத் திருப்பித் தைப்பது, ஜிப் மாற்றுவது என்று வேலை வரும். அவருடைய கட்டில் பின்னறையில். தண்ணீர் வேண்டும், துளையில் சளி கட்டிவிட்டது, மின்விசிறியைக் குறைக்க வேண்டும், எதுவானாலும் லைட்டர் மூடியை ஒரு தட்டு. மிஷின் ஓட்டத்திலும் அந்தச் சத்தம் அவள் காதில் தனியாக விழும். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று பல்லில் நூலோடு ஓடுவாள்.

நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கே கிடையாது. ஒரு காலரைத் திருப்பி முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்திருப்பாள். சொன்ன நேரத்துக்குத் துணி தர முடியவில்லை. பள்ளிக்கூடச் சீருடை மொத்தமும் பக்கத்துத் தெருக் கடைக்குப் போயிற்று. அவள் முணுமுணுக்கவில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் குவிந்திருந்த துணி நாளுக்கு நாள் குறைந்ததை அவர் கட்டிலிலிருந்தே கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மத்தியானம் மேலே பரணைக் காட்டி, தன்னுடைய பழைய தகர டப்பாவைக் கேட்டார். அரம், குறடு, குட்டி ஸ்க்ரூடிரைவர் எல்லாம் கிடக்கிற டப்பா. பட்டறையை விட்ட பிறகு அவர் ஒரு சாமானைத் தொட்டதே இல்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, தூசி தட்டி எடுத்துக் கொடுத்தாள். பேப்பரையும் அவளே விரித்துவிட்டாள். மகளுக்குப் போன் போட்டு, "அப்பாவுக்கு மனசு தெளிஞ்சிருச்சுடி. லைட்டரைப் பிரிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்கார்" என்றாள்.

அதற்கு மறுநாள்தான் அது நடந்தது. மிஷினில் பாபின் நூல் தீர்ந்துபோய், புது நூல்கண்டு எடுக்கப் பின்னறைக்குப் போனாள். அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்துத் துளையைச் சளி காய்ந்து அடைத்திருந்தது. நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி ஈரத்துணியை வைத்துச் சளியை ஊறவிட்டு எடுக்கப் பார்த்தாள். காய்ந்த சளி அசையவில்லை. அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு டிரைவர் ஓடிவந்து, அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏற்றினார்.

பிழைத்துக்கொண்டார். டாக்டர், "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்று சொல்லி, மீதியை முழுங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக லைட்டரைத் தேடினாள். கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மூடியைத் திறந்தாள், மூடினாள். சத்தமே இல்லை. மூடி தொளதொளவென்று ஆடியது. எத்தனை தடவை தட்டிப் பார்த்தாரோ! மனுஷன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சத்தம் வராமல், சுவரைப் பார்த்துக்கொண்டே விழுந்திருக்கிறார். நான் இந்தப் பக்கம் கடகடவென்று மிஷினை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்தாள்.

மகள் ஒரு மணியை வாங்கி அனுப்பினாள். பட்டனை அமுக்கினால் முன்னறையில் பாட்டுப் பாடும். அவர் அதைத் தொடக்கூட இல்லை. அவள் ஜன்னல் கட்டையில் வைத்தாள், அங்கேயே இருந்தது.

"சரி, உங்களுக்கு அதுதான் வேணும்னா அதையே சரிபண்ணிட்டு வர்றேன்" என்று லைட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கைக்கடிகாரம், குடை, லைட்டர் எல்லாம் பழுதுபார்க்கிற ஒருவன் உட்கார்ந்திருப்பான். வாய் ஓயாத ஆள். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டே பேசுவான்.

"கொண்டாங்கக்கா. அட, பழைய உருப்படி! இந்தக் கனம் இப்போ வர்றதுல ஏது?" உள்கூட்டை உருவி முகர்ந்தான். "பெட்ரோல் காஞ்சு ரொம்ப நாளாச்சு. இது பத்தவச்சாலும் காலி, பத்தவைக்காட்டியும் காலி. ஊத்தி வச்சுட்டு ஒரு வாரம் மறந்தீங்கன்னா ஆவியாப் போயிரும். கல்லையும் சும்மா போட்டு வைக்கக் கூடாது, உப்பிக்கிட்டு குழாய்லயே ஒட்டிக்கும்." ஸ்க்ரூவைத் திருகினான். "பாத்தீங்களா, மாவாட்டம் ஆயிருச்சு. இதைக் கம்பியை விட்டுக் குடைஞ்சுதான் எடுக்கணும்."

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. சத்தம் வரணும். மூடி திறந்தா 'டக்'னு கேட்கணும்."

"சத்தம் எப்படி வரும்? நாக்கைக் காணோமே." நெருப்புக் கூண்டுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை ஊசிமுனையால் காட்டினான். "இங்கே பொடிசா ஒரு இரும்பு நாக்கு இருக்கும். கீழே ஒரு பட்டை ஸ்பிரிங் அதை முட்டிக்கிட்டே இருக்கும். மூடியை உதைச்சுத் திறக்குறதும் அதுதான், பிடிச்சு மூடுறதும் அதுதான். அந்த உதைதான் உங்களுக்குச் சத்தம்."

"உடைஞ்சு விழுந்துருச்சா?"

"உடைஞ்சா பிசிறு இருக்குமேக்கா." லைட்டரை வெளிச்சத்தில் திருப்பினான். "நாக்கைப் பிடிச்சிருந்த ஆணித் தலையை அரத்துல ராவி எடுத்திருக்காங்க. ஸ்பிரிங்கையும் வழிச்சு எடுத்தாச்சு. சுத்தி ஒரு கீறல்கூட இல்ல பாருங்க. தெரிஞ்ச கை. வேலை தெரிஞ்ச ஆளுக்கு இதைக் கழட்டணும்னு ஏன் தோணுச்சுன்னுதான் எனக்கு விளங்கல."

அவளுக்கு விளங்கியது. தகர டப்பா, செய்தித்தாள், ஸ்டூல் போட்டு ஏறித் தானே எடுத்துக் கொடுத்தது. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, மயக்கமா வருதா? தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஒண்ணுமில்ல. நீ போட்டுக் கொடு."

பழைய லைட்டர் ஒன்றிலிருந்து நாக்கையும் ஸ்பிரிங்கையும் எடுத்து, புது ஆணி அடித்துப் பொருத்தினான். கல் குழாயைக் குடைந்து சுத்தம் செய்தான், திரி மாற்றினான், பஞ்சை நனைத்தான். மூடியைத் தட்டினான். 'டக்' என்றது. அந்தச் சத்தத்துக்கு அவளையறியாமல் "வந்துட்டேன்" என்று உதடு அசைந்தது. பழுதுபார்ப்பவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து லைட்டரை அவர் மடியில் வைத்தாள். எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாக்கை நீங்கதானே எடுத்தீங்க?"

அவர் லைட்டரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். உதட்டை அசைத்தார். சத்தம் இல்லாத அந்தப் பேச்சை அவளால் மட்டும்தான் படிக்க முடியும்.

'கூப்பிட்டா நீ வந்துடுவே.'

"வரணும்னுதானே கூப்பிடுறது?"

'அதான்.'

"மூச்சடைச்சா கை தானா லைட்டருக்குப் போகும்னு தெரிஞ்சுதான் அதைக் கழட்டிப் போட்டீங்களா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அவர் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"எனக்குக் கஷ்டம்னு நான் சொன்னேனா? துணி போச்சுன்னு அழுதேனா? கட்டிக்கிட்ட நாள்லேருந்து என்னைக் கேட்காம ஒரு சட்டை வாங்கினதில்ல நீங்க. இதை மட்டும் தனியா உட்கார்ந்து முடிவு பண்ணிட்டீங்களே. அதுவும் என் கையாலயே டப்பாவை எடுக்கவச்சு!"

அவருடைய கண்ணிலிருந்து வழிந்தது. கழுத்துத் துளையில் மூச்சு கரகரத்தது. அழுதால் துளையில் சளி சேரும். அவள் எழுந்துபோய் ஈரத்துணியை எடுத்துவந்து துடைத்தாள். அதற்குமேல் அவளால் கோபப்படவும் முடியவில்லை.

அன்றைக்குப் பிறகும் அவர் கூப்பிடவில்லை. லைட்டர் தலைமாட்டிலேயே இருந்தது. அவளாகவே ஓடி ஓடிப் பார்த்தாள். மிஷினில் ஒரு தையல், பின்னறை வாசற்படியில் ஒரு எட்டு. கடைசியில் டிரைவரைக் கூப்பிட்டு மிஷினையே பின்னறைக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் கட்டிலைத் தாண்டி வரவேண்டியிருந்தது. அவர் துண்டை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்வார். வந்தவர்கள் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள். பாதிப் பேர் மறுபடி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரை விரித்து அவளே லைட்டரைப் பிரித்தாள். பழுதுபார்ப்பவன் சொன்னபடி பெட்ரோல் விட்டாள், கல்லைப் பார்த்தாள். முதல் தடவை அளவு தெரியாமல் ஊற்றிவிட்டாள். துடைத்து மடியில் போட்டுக்கொண்டு தைக்க உட்கார்ந்தவளுக்குச் சிறிது நேரத்தில் தொடை தீயாக எரிந்தது. கசிந்த பெட்ரோல் துணியை நனைத்துத் தோலைச் சிவக்க வைத்திருந்தது. "ஐயோ" என்று துள்ளினாள். அவர் கட்டிலை விட்டு எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய், நனைத்த துண்டோடு திரும்பி வந்து அவள் முன்னால் குந்தினார். 'சொட்டுச் சொட்டா விடணும். பஞ்சு பளபளன்னு ஆச்சுன்னா நிறுத்திடணும்' என்று உதட்டை அசைத்தார்.

அன்று முழுவதும் அவளுக்கு எரிச்சலே தெரியவில்லை. பழைய மனுஷனாகத் திரும்பிவிட்டார் என்று நினைத்தாள். அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே திரியைக் கோணலாக இழுத்துவிட்டு, "இது சரிதானா பாருங்க" என்று நீட்டினாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பிறகு இருமலில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நோய் நுரையீரலுக்கு இறங்கிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார்கள். "எவ்வளவு நாள்?" என்று அவள் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் பயம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். ஒரு நிம்மதி இருந்தது. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

அவர் போனது சாதாரணமான ஒரு காலைநேரம். கஞ்சி இரண்டு வாய் குடித்தார். அவள் ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது கையையும் பொருத்திவிட்டு, நூலைக் கடித்துக்கொண்டே, "கஞ்சி இன்னும் கொஞ்சம் தரட்டுமா?" என்று திரும்பினாள். கழுத்துத் துளையை மூடியிருந்த மெல்லிய துணி அசையவில்லை. லைட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கை வயிற்றின்மேல் இருந்தது.

மகளும் மாப்பிள்ளையும் வந்துசேரச் சாயங்காலமாகிவிட்டது. மகள் அழுது ஓய்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எங்கம்மா இருந்தே அப்போ?" என்றாள்.

"இங்கேதான். இந்த மிஷின்லதான் உட்கார்ந்திருந்தேன்."

"அப்பா கூப்பிடலையா?"

"இல்ல."

"உனக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"முதல் கை தைக்கும்போதா, ரெண்டாவது கை தைக்கும்போதா, அதுகூடத் தெரியலைடி" என்றாள் அவள். "கையை நீட்டினா தொட்டுடலாம். அவ்வளவு பக்கத்துலதான் இருந்தேன்."

காரியங்கள் முடிந்ததும் மகள் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தைக்காமல் கிடந்த துணிகளை எல்லாம் அவரவரிடம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கிளம்பும்போது மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் கிடந்த லைட்டரைக் காட்டி, "இதை எடுத்துக்கலையா அத்தை?" என்று கேட்டார். ஒரு வாரத்தில் பெட்ரோல் காய்ந்துவிடும், கல் குழாயில் ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். "வேண்டாம் மாப்பிள்ளை" என்றாள்.

மகள் வீட்டில் அவளுக்குத் தனியறை கொடுத்தார்கள். நல்ல வெளிச்சம், நல்ல காற்று. வேளாவேளைக்குச் சாப்பாடு தட்டில் வந்தது. "நீ ஒரு வேலையும் செய்யக் கூடாது, நிம்மதியா இரும்மா" என்று மகள் சொல்லிவிட்டாள். காலையில் எழுந்து முகம் கழுவி, கட்டில் ஓரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்வாள். மகள் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய், அதை எடுக்க வரும்போதும் சோறு அப்படியே இருக்கும்.