இடைவேளையில் அவர் எழுந்து வரவில்லை

...கால் வலிக்கிறது என்றுதான் சொன்னார், வேறெதுவும் சொல்லவில்லை, ஆனால் காலையில் தொழிலாளர் லயத்துக் கடைவரை நடந்துபோய் ரொட்டி வாங்கிக்கொண்டு மேடேறி வந்தவருக்கு இந்தத் திடலைக் கடக்க மட்டும் எப்படிக் கால் வலிக்கும், கல்யாணமான நாளிலிருந்து ஒரு வருடம்கூட இப்படி உட்கார்ந்துவிட்டதில்லையே. ஈப்போவில் நாங்கள் படித்த கல்லூரிகள் இரண்டும் வருடத்துக்கொருமுறை மலையேறி வந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திடலில் பந்தாடும், என் கல்லூரிக்கு மஞ்சள் சட்டை, அவர் கல்லூரிக்கு நீலம். அவரவர் அணி கோல் அடிக்கப்போகும் பக்கத்தில்தான் அவரவர் உட்கார வேண்டும், அது எங்கள் வழக்கம், இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது நாங்களும் மாறுவோம், நடுக்கோட்டருகே எதிரெதிரே வந்து நிற்போம், அவர் பிளாஸ்கை நீட்டுவார், நான் வீட்டில் பொரித்த கறிபாப் பொட்டலத்தை நீட்டுவேன். "கண்ணத் தொடைக்கத் துண்டு கொண்டாந்தியா?" என்பார், "உங்க கோல்கீப்பர் கேட்டாரு, குடுத்துட்டேன்" என்பேன், அவ்வளவுதான், பிறகு அவர் லயத்துப் பக்கம், நான் பாக்டரிப் பக்கம். இன்று நடுக்கோட்டருகே பொட்டலத்தோடு நான் மட்டும் நின்றேன். ஆட்டக்காரர்கள்கூட வந்துவிட்டார்கள். பாக்டரிப் பக்கம் நடந்து வந்து பார்த்தால் அதே நாற்காலியில் அப்படியே இருக்கிறார். "ஏங்க, மாறலையா?" என்றேன். "காலு வலிக்குது லா, இங்கயே இருக்கேன்." "உங்க ஆளுங்க அந்தப் பக்கமில்ல அடிக்கப் போறாங்க." "தெரியும் தாமரை, உக்காரு." உட்கார்ந்தேன். எங்கள் வழக்கத்தில் பக்கத்தில் உட்கார இடமே இல்லை, கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

இன்றைக்கு என்று பார்த்தா இப்படிச் செய்வார். இன்று சாயங்காலம் மலைக்குக் கீழே கிள்ளான் நகரத்துக்குப் போன் செய்து பதில் சொல்ல வேண்டும், அங்கே ஒரு பாக்டரியில் அவருக்குச் சூப்பர்வைசர் வேலை, வீடும் தருகிறார்கள். இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், கல்லூரி நாட்களைத் தவிர கொழுந்து வாசம் வராமல் ஒரு நாள்கூடத் தூங்கியிராதவர், அவர் போகலாம் என்கிறார், ஈப்போவிலிருந்து இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கு டீச்சராக வந்த நான் வேண்டாம் என்கிறேன், எங்கேயோ தலைகீழாகப் போயிருக்கிறது, எந்த இடத்தில் என்றுதான் தெரியவில்லை. போன வாரம் சமையலறை வாசலில் நின்று, "சரி, ஒண்ணு செய்வோம், உங்க டீமு ஜெயிச்சா இங்கயே இருப்போம், எங்க டீமு ஜெயிச்சா கிளம்பிருவோம்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னாரா? நானும் விளையாட்டாகத்தானே "சரி லா" என்றேன், என் கையில் கரண்டி இருந்தது, குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, இல்லையென்றால் யோசித்திருப்பேனோ என்னவோ. அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. காலையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "மேட்ச் முடியட்டும், போன் போட்டுச் சொல்லிருவோம்" என்றார், அப்படியானால் விளையாட்டில்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல், சமமாகவே முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் பேசி வைக்கவில்லையே...

"என்னடா மச்சான், கட்சி மாறிட்டியா?" நீலச் சட்டை தொப்பைக்கு மேல் ஏறிக்கிடக்க, லயத்துப் பக்கம் போகிற வழியில் வந்து நிற்கிறார் புவனேஸ், இவரோடு படித்தவர், மேட்சுக்கென்றே வருடாவருடம் ஈப்போவிலிருந்து வருகிறவர். "இவன் எப்பக் கட்சி மாறல, வரதட்சணையாவே ஒரு கோல் குடுத்தவனாச்சே, இல்லயா தங்கச்சி?" சிரிக்கிறேன், சிரிக்க வேண்டிய இடம் அது. இவர் நீலத்துக்கு ஆடிய வருடம், தன் அணி காக்கவேண்டிய கோலிலேயே தவறிப்போய்ப் பந்தைத் தட்டிவிட்டு எங்களை ஜெயிக்க வைத்தார், தோழிகள் என்னைத் தள்ளிவிட்டு நன்றி சொல்லிவிட்டு வா என்றார்கள், போய்ச் சொன்னேன், மண் அப்பிய முகத்தோடு நிமிர்ந்து பார்த்து, "பரவால்ல, இருக்கட்டும்" என்றார், தோற்றவர் சொல்கிற சொல்லா அது. அப்படிச் சொன்னதற்காகத்தான் கட்டிக்கொண்டேனோ? "போடா, போய் அந்தப் பக்கம் கத்து" என்று புவனேஸை அனுப்பிவிட்டுத் திரும்பாமலே என்னிடம், "குளிருதா?" என்கிறார். இல்லை என்கிறேன், குளிர்கிறது.

மூடுபனி தேயிலைச் சரிவிலிருந்து இறங்கி லயத்துப் பக்கக் கோலை விழுங்கிவிட்டது, அந்தப் பக்கத்துச் சத்தம் மட்டும் வருகிறது. அங்கே நீலம் அடித்தால் அவருக்கு இங்கிருந்து தெரியக்கூடத் தெரியாது, தெரிந்தும் இங்கேயே இருக்கிறார். இது மஞ்சள் அடிக்கப்போகும் பக்கம், இருந்துவிடலாம் என்று சொல்லப்போகும் கோல் விழுகிற பக்கம், அதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறாரோ... அப்படியானால் போகவேண்டும் என்று நினைப்பது யார்? இல்லை, தன் அணி ஜெயிப்பதைக் கண்ணால் பார்க்கக்கூடாது, காதால் கேட்டால் போதும், அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவேண்டுமே என்று... இல்லை, கால்தான் வலிக்கிறதோ என்னவோ, மனுஷனுக்குக் கால் வலிக்கக்கூடாதா? கேட்டுவிட்டால் என்ன, பக்கத்தில்தானே இருக்கிறார். "ஏங்க," என்கிறேன். "ம்?" "கறிபாப் ஆறிப்போச்சு." "பரவால்ல" என்று வாங்கிக்கொள்கிறார். கேட்க நினைத்தது அதுவல்ல. முதல்நாள் அவர் கிள்ளான் பேச்சை எடுத்தபோதும் இப்படித்தான், வீட்டுக்கு எத்தனை அறை, பக்கத்தில் பள்ளி இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்துவைத்துக்கொண்டு கடைசியில் என்னிடம், "போலாம்ல?" என்றார், வேண்டாம் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வேண்டாம் என்றது கிள்ளானையா, எல்லாம் முடிவானபிறகு கேட்கிற அந்த "ல"வையா? சொன்னபிறகு அதற்குக் காரணங்கள் சேர்த்தேன், பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள் நானும் போனால் என்ன ஆகும், குளிர் பழகிவிட்டது, அத்தைக்கு நம்மைவிட்டால் யார்... ஒவ்வொன்றும் உண்மைதான். பொய் ஒன்றுகூட இல்லை.

விசில். பனிக்குள்ளிருந்து திடீரென்று முளைத்து வந்த மஞ்சள் பையனை எங்கள் கண்ணெதிரிலேயே காலைத் தட்டி வீழ்த்திவிட்டார்கள், பெனல்டி. என் ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள், இனி நேரமும் அதிகம் இல்லை, இது விழுந்தால் முடிந்தது, இங்கேயே இருக்கிறோம், சாயங்காலம் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிடுவார், சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படித்தான். அந்தப் பையன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கிறான், எனக்கு என்னமோ கொடியில் நாள்கணக்காகக் காயாமல் தொங்கும் துணிகள் ஞாபகம் வருகின்றன, சுவரில் எவ்வளவு துடைத்தாலும் மறுபடி வந்துவிடும் பூஞ்சை, வெயில் விழும் ஒரு வராந்தா, அது யாருடைய வராந்தா, நான் பார்த்ததேயில்லை, அவர் சொன்ன அந்த வீட்டுக்கு வராந்தா உண்டா என்றுகூட நான் கேட்கவில்லையே... பையன் ஓடி வருகிறான், வலைக்கு வெளியே போ, வெளியே போ என்று யாரோ சொல்கிறார்கள், வாய்க்குள்ளேதான், என் வாய்க்குள்ளே.

வலை அசைந்தது.

சுற்றிலும் மஞ்சளாகக் குதிக்கிறது, யாரோ என் தோளைப் பிடித்து உலுக்குகிறார்கள், "டீச்சர், ஜெயிச்சோம் டீச்சர்," நடுவர் விசிலை நீளமாக ஊதுகிறார். அவர் குதிக்கவும் இல்லை, வாடவும் இல்லை, கழுத்தைத் திருப்பி என்னைத்தான் பார்க்கிறார், கோல் விழுந்த கணத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாரா, இப்போதுதான் திரும்பினாரா? "ஜெயிச்சிட்டியே," என்கிறார், "உக்காந்தே இருக்க?" அப்போதுதான் தெரிந்தது எழுந்திருக்கவில்லை என்று. எழுந்தேன், கைதட்டினேன், சத்தமாகவே தட்டினேன், மற்றவர்கள் தட்டி ஓய்ந்த பிறகு என் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப சொல்லிரவா?" என்றார். எதை என்று கேட்டால் எனக்கே பதில் தெரிந்துவிடும் போலிருந்தது. கேட்கவில்லை, தட்டுவதையும் நிறுத்தவில்லை.