ஆறு நாள் விட்ட குளிசை

உரும்பிராயில் பாலேஸ்வரி பிடிக்கிற கந்தசஷ்டி விரதம் ஊருக்கே தெரியும். பகல் முழுக்கப் பச்சைத்தண்ணி பல்லில் படாது. பின்னேரப் பூசை முடிந்த பிறகு ஒரு மிடறு பால், அவ்வளவுதான். முருகனே நேரில் வந்து "போதும், சாப்பிடு" என்றாலும், "பாறணை ஏழாம் நாள்தான்" என்று திருப்பி அனுப்பக்கூடியவள். அப்படிப்பட்டவளின் விரதத்துக்குக் குறுக்கே இந்த வருடம் ஒரு மருந்துக் குளிசை வந்து நின்றது.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய கணவன் தியாகராசா வெங்காயத் தோட்டத்தில் குனிந்தவர் நிமிரவில்லை. நெஞ்சடைப்பு. அதன் பிறகு பாலேஸ்வரி சீப்பெடுத்துத் தலை இழுப்பதை விட்டாள், அடுப்பு மூட்டுவதை விட்டாள், கதைப்பதையும் விட்டாள். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? இடது விலாவில் அக்கி வந்தது. கொப்புளம் காய்ந்தும் எரிவு போகவில்லை. சட்டைத் துணி உரசினாலே கொதித்த எண்ணெய் தெறித்தது போல இருந்தது. மகள் கீர்த்திகா அவளை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்த இளம் டொக்டர் மனச்சோர்வுக்கும் நரம்பு எரிவுக்கும் சேர்த்து ஒரே குளிசையை எழுதினாள். தூளை உள்ளே அடைத்த, கூடு போட்ட குளிசை.

"காலமையிலை ஒண்டு போடுங்கோ அம்மா. உடனை சுகம் தெரியாது, சில கிழமை பொறுக்கவேணும். சுகம் வந்திட்டுது எண்டு நீங்களாய் நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்றாள்.

பாலேஸ்வரி பொறுத்தாள். எரிவு தணிந்தது. ஒருநாள் தானே எழும்பிப்போய் மிளகாய்க் கன்று நட்டாள். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த கீர்த்திகா அதை யன்னலால் பார்த்து அழுதாள். பாலேஸ்வரிக்கு ஒரேயொரு மனக்குறைதான் மிஞ்சியது. தியாகராசா ஒருநாளும் கனவில் வரவில்லை. "செத்தும் கோவம் தீரேல்லைப் போலை" என்று படத்தைப் பார்த்துப் பொருமுவாள்.

சஷ்டிக்கு முதல் நாள் கோயிலில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஒருத்தி மெல்லக் காதுக்குள் சொன்னாள். "அக்கா, உந்தக் கூடு மாட்டெலும்பைக் காய்ச்சின பசையிலை செய்யிறதாம். விரதத்திலை எப்பிடி வாயிலை வைப்பியள்?"

பாலேஸ்வரி நேரே வீட்டுக்கு வந்தாள். டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆறு நாள்தானே, முருகன் பார்த்துக்கொள்வான் என்று குளிசைப் பெட்டியை அரிசி வாளிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். மகளிடமும் மூச்சு விடவில்லை. மற்றப்படி அவள் பொய் சொல்லாதவள்தான்.

இரண்டாம் நாள் தலை சுற்றியது. விரதக் களை என்றாள். மூன்றாம் நாள் கண்ணைத் திருப்பும்போதெல்லாம் மண்டைக்குள் மின்சாரம் ஒரு கணம் வெட்டிப் போனது. வேலவன் வேலைத் தீட்டுகிறான் என்று நினைத்தாள். அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பாயில் சற்றே கண்ணயர்ந்தவளிடம் தியாகராசா வந்தார்.

செம்மண் பிரண்ட காலோடு வாய்க்கால் ஓரமாக நடந்தார். அவர் நடக்க நடக்கத் தண்ணீர் அவருக்குப் பின்னாலேயே ஓடியது. வெங்காயத் தாள்கள் இடுப்பளவுக்கு வளர்ந்து அசைந்தன. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல் இருந்தது பாலேஸ்வரிக்கு. விழித்தபோது விலா எரிந்தது. எரியட்டும் என்றிருந்தாள்.

நாலாம் நாளும் வந்தார். அவள் தலையை அவரே சீப்பால் இழுத்துவிட்டார். ஐந்தாம் நாள் கிணற்றுக் கட்டில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். மாரித் தண்ணீர் கட்டுவரை வந்து தளும்பியது. விழித்த பிறகும் அந்தக் குளிர் அவள் பாதத்தில் இருந்தது. போனால்தான் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது. பயமுறுத்தாமல், பூனை மடியில் ஏறுவது போல மெதுவாக வந்தது. இந்தக் கதையில் எனக்குப் பயம் வருகிற இடம் அதுதான்.

ஆறாம் நாள், சூரன்போர். கோயில் பறை கேட்டது. கீர்த்திகா தோய்ந்துவிட்டு ஈரத் தலையோடு வெளியே வந்தபோது தாய் கிணற்றுக் கட்டில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்கை என்ன செய்யிறியள்?"

"அப்பா கூப்பிடுறார் பிள்ளை."

கீர்த்திகா கத்தவில்லை. நடந்து வந்து தாயின் இடுப்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து, மெல்ல இந்தப் பக்கம் இறக்கினாள். வீட்டுக்குள் வைத்துத் துருவித் துருவிக் கேட்க, கனவும், தலைக்குள் வெட்டுவதும், கூட்டின் கதையும், அரிசி வாளிக்குப் பின்னால் இருந்த பெட்டியும் வெளியே வந்தன. அரை மணித்தியாலத்தில் ஓட்டோவில் ஆஸ்பத்திரி.

டொக்டர் முதலில் கேட்டது விரதத்தைப் பற்றியல்ல.

"அம்மா, செத்தால் நல்லம் எண்டு நினைச்சனீங்களோ?"

இப்படி நேரே யாரும் கேட்டதில்லை. "ஓம்" என்றாள் பாலேஸ்வரி. சொன்னதும் அழுகை வந்தது.

"சொன்னது நல்லது. ரெண்டு மூண்டு நாள் இஞ்சை வாட்டிலை இருங்கோ. தலைக்குள்ளை வெட்டுறது, உந்தக் கனவு எல்லாம் குளிசையைச் சடாரெண்டு விட்டதாலை வந்திருக்கும். விட்டதுக்குச் சேர்த்து ரெண்டு மூண்டாய்ப் போடவும் கூடாது. குறைஞ்ச அளவிலை திரும்பத் தொடங்குவம். நிப்பாட்டிற காலம் வந்தால் நான் மெல்ல மெல்லக் குறைச்சு விடுவன்."

கீர்த்திகா கூட்டின் கதையைச் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை. "அதை முதலே என்னட்டைச் சொல்லியிருக்கலாம். கூட்டை உடைச்சுத் தூளை எடுத்துப் போடாதேங்கோ, அது பிழை. கூடில்லாத வேறை குளிசை இருக்கு. கிளினிக்கிலை பாத்து ஆறுதலாய் மாத்துவம்."

பின்னேரம் வாட்டில் தாதி குளிசையைத் தந்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். பாலேஸ்வரி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாட்டில் நோயாளிகளைப் பார்க்க வந்த டொக்டரிடம் கேட்டாள்.

"இதைப் போட்டால் அவர் வரமாட்டாரோ?"

"எனக்குத் தெரியாது அம்மா. வராமலும் போகலாம்" என்றாள் டொக்டர். அவள் பொய் சொல்லாதது பாலேஸ்வரிக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் விரல்கள் குளிசையின் மேல் மூடிக்கொண்டன.

கட்டில் ஓரத்தில் தண்ணீர்க் கோப்பையோடு நின்ற கீர்த்திகா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு அப்பா ஒரு நாளும் கனவிலை வரேல்லை அம்மா. மூண்டு நாள் உங்களட்டை வந்தவர், என்னட்டை ஒருக்காலும் வரேல்லை. நீங்களும் போனால் நீங்களும் வரமாட்டியள். நான் ஆரோடை இருக்கிறது?"

பாலேஸ்வரி மகளை நிமிர்ந்து பார்த்தாள். தகப்பன் செத்த வீட்டில் இவளும்தான் இரண்டு வருடமாக இருந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. கண்ணை மூடினாள். உள்ளே யாரோ கிணற்றுக் கட்டில் இருந்து எழும்பி, வாய்க்கால் ஓரமாகத் தோட்டத்துப் பக்கம் நடந்துபோனது போல இருந்தது. அவள் கூப்பிடவில்லை.

கோப்பையை வாங்கிக் குளிசையை விழுங்கினாள்.

"வீட்டை போனாப்பிறகு காலமையிலை நீயே எடுத்துத் தா பிள்ளை" என்றாள்.