சிவப்பு டேப்புக்கு ஒரு அடி முன்னால்

ஹீரோ கத்தியது மொத்தம் ஐம்பது விநாடி. அதற்குள் “கண்ணு தெரியலன்னா வீட்ல உக்காரு!” என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். நாற்காலிக்கு ஒரு உதை வேறு. எந்தப் புண்ணியவானோ அதைக் கைபேசியில் பிடித்து வெளியே விட்டுவிட, சாயங்காலத்துக்குள் உலகமே டேப்பக்காவைப் பார்த்துவிட்டது.

இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் அவளுக்கு அந்தப் பெயர். நடிகர் நகர நகர, முகம் மங்காமல் லென்ஸைத் திருப்பிக்கொண்டே இருப்பது அவள் வேலை. பதினான்கு வருஷமாக அதே வேலை. நடிகர் வந்து நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு டேப் ஒட்டி, அங்கிருந்து கேமராவுக்குத் தூரம் அளந்து வைத்துக்கொள்வாள். அன்றைக்கு அழுகைக் காட்சி. மனிதர் நிஜமாகவே அழுதுவிட்டார். ஆனால் படத்தில் முகம் மங்கிப் போயிருந்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

வீட்டில் நாத்தனார் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, ஜனங்கள் எழுதியதை ஒன்று விடாமல் வாசித்தாள். “எங்க அண்ணனுக்குத் தொழில்தான் உசிரு, இப்படித்தான் வேலை வாங்கணும்” என்று ஹீரோவின் ரசிகர்கள் பாதிப் பேர். “பாவம் அந்தம்மா, தெரியாம செஞ்சதுக்கு இப்படியா?” என்று மீதிப் பேர்.

“பாருங்க அண்ணி, பாதி ஊரு உங்க பக்கம்.”

“எங்கடி என் பக்கம்? திட்டறவனும் தப்பு என்னோடதுங்கறான், பாவம்ங்கறவனும் தப்பு என்னோடதுங்கறான். இந்தப் பாவத்துக்கு அந்தத் திட்டே தேவல.”

அப்போது போன் வந்தது. அடுத்த படத்துக்கு அவளைப் பேசி வைத்திருந்த கேமராமேன். “இல்லம்மா, தயாரிப்பாளர் யோசிக்கறாரு. கொஞ்சம் பொறுங்க.” இந்தத் தொழிலில் பொறுங்க என்றால் வராதீங்க என்று அர்த்தம். கண் போச்சு என்று பெயர் வாங்கியவளை எவன் கூப்பிடுவான்? இந்த ஒரு போனோடு நிற்குமா? பதினான்கு வருஷப் பேர் ஐம்பது விநாடியில் போவதா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்ன நடந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள், படத்தையே பார்க்க மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட, இந்தப் படத்துத் தயாரிப்பாளர் அரண்டு போனார். டைரக்டர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“ஹீரோ வீடியோவுல மன்னிப்பு கேப்பாரு. நீங்க பக்கத்துல நின்னு சிரிச்சா போதும்மா. ஒரே நிமிஷம்.”

“நிக்கறேன் சார். ஆனா நானும் ரெண்டு வார்த்தை பேசுவேன். வெட்டக் கூடாது.”

நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து டைரக்டர் தலையாட்டிவிட்டார்.

செட்டிலேயே கேமரா வைத்து, தரையில் சிவப்பு டேப்பும் ஒட்டினார்கள். ஹீரோ தொண்டை தழுதழுக்க அழகாக மன்னிப்புக் கேட்டார். அவள் முறை வந்தது.

“அன்னைக்குத் தப்பு என்னோடதுதான்” என்றாள். டைரக்டருக்கு உயிர் வந்தது. “ஆனா கண்ணு மேல தப்பு இல்ல. சார் எப்பவும் டேப்புக்கு ஒரு அடி முன்னால வந்துதான் நிப்பாரு. கேமரா கிட்ட வந்தா முகம் பெருசா தெரியும்ல? இருபத்திரெண்டு நாளா நானும் அந்த ஒரு அடியைச் சேத்தே லென்ஸைத் திருப்பினேன். வெளிய மூச்சு விடல. அன்னைக்குப் பாத்து, அழுத அழுகையில தன்னையே மறந்து, சரியா டேப்புல நின்னுட்டாரு. நான் ஒரு அடி முன்னால காத்துட்டிருந்தேன். உங்க தப்பை நம்பினேன் பாருங்க சார், அதுதான் என் தப்பு.”

ஹீரோவின் முகம் சிவந்தது. இன்னொரு நாற்காலி போச்சு என்று லைட்காரர் மெல்ல நகர்ந்தார்.

“இதை மொத நாளே சொல்றதுக்கென்ன?” என்றார் ஹீரோ.

“சொன்னா கத்துவீங்களோன்னு பயம் சார். இப்பதான் கத்தியாச்சே.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹீரோ குனிந்து தன் கால்களைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கும்போதும் டேப்பைத் தாண்டித்தான் நின்றிருந்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இதையும் வெட்டாதீங்கய்யா” என்றார்.

வெட்டவில்லை. வீடியோ வெளியான அன்றே, தொழில்தான் உசிரு என்றவர்கள் அவருடைய பழைய பாட்டுக் காட்சிகளை நிறுத்தி நிறுத்திக் கால் நிற்கும் இடத்தைத் தேடினார்கள். “அண்ணன் இங்கயும் ஒரு அடி!” என்று ஒரே கும்மாளம்.

“இப்ப மொத்த ஊரும் உங்க பக்கம் அண்ணி.”

“இருக்கட்டும். நாளைக்கு எந்தப் பக்கமோ.”

அழுகைக் காட்சியை மறுபடி எடுத்தார்கள். ஹீரோ நடந்து வந்தார். கால் டேப்பைத் தாண்டப் போய், அந்தரத்தில் நின்று, திரும்பி வந்து டேப்பின் மேல் இறங்கியது. அழுகை முன்பு போல வரவில்லைதான். ஆனால் ஒவ்வொரு இமை முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, அவள் லென்ஸிலிருந்து கையை எடுக்கவில்லை. கட் சொன்ன பிறகுதான் போனை எடுத்தாள். அடுத்த படத்துக் கேமராமேன்.

“ஷாட்ல இருக்கேன் சார்” என்றாள். “கொஞ்சம் பொறுங்க.”