கூட்டிப் போட்ட இரண்டு நாள்

…பத்து மணிக்கு ஒருக்காக் கதைப்பம் என்றவர் எதைப் பற்றி என்று சொல்லியிருக்கலாம், தங்கரத்தினம் சேர் எப்போதும் இப்படித்தான், வாயில் கொழுக்கட்டை, கேட்கிறவள்தான் இரவெல்லாம் கிடந்து புரள வேண்டும்… கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது, சனூஸாவுக்குப் பயம், வேறென்ன, ஐந்து வருடமாகத் துறைமுக வீதி மென்பொருள் கம்பனியில் புரொஜெக்ட் மனேஜர், காலையில் எட்டுப் பேரிடம் நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன, தடை ஏதும் இருக்கா என்று கேட்டு எழுதிக் கொழும்புக்கு அனுப்புகிற வேலை, இப்போது மூன்று மாதமாகப் பாதியை ஒரு செயலி செய்கிறது, அதைப் பழக்கியது யார், அவளேதான், "நீங்கள் செய்யிறதை ஒண்டும் விடாமல் எழுதித் தாங்கோ" என்றார் சேர், நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தாள், தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட இவ்வளவு வடிவான கையெழுத்தா… ஒன்றை மட்டும் எழுதவில்லை. அந்த எட்டுப் பேரில் கப்பல்துறையிலிருந்து வருகிற கீர்த்தனியின் வேலைத் தவணைக்கு இரகசியமாக இரண்டு நாள் கூட்டிப் போடுகிறதை. பத்து மாதமாகப் பிள்ளை பிந்துகிறாள், கலியாணக் கதை நடக்கிறதாக்கும், வேலையில் மனம் ஓடாதுதானே, அவளுடைய முறை வந்தால் சனூஸா கேட்கவே மாட்டாள், "அவ முடிச்சிடுவா" என்று தானே சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவாள், எல்லார் முன்னாலும் பிள்ளை தலைகுனியக் கூடாது. சேர் இனி நீங்கள் எதற்கு என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும், சேர், ஆக்களின் மனம் அதுக்கு விளங்காது, அது என்னட்டத்தான் இருக்கு… சொன்னால் நம்புவாரா, யா அல்லாஹ், ஐந்து வருடத்துக்குக் கையில் இருக்கிறது இது ஒன்றுதானா?

பஸ் நின்றது, முன்னால் ஒரு லொறி பழுதாம், எட்டரை தாண்டிவிட்டது, காலைக் கூட்டம் தொடங்கியிருக்குமே, கைபேசியைத் திறந்தாள், தொடங்கி முடிந்தே விட்டது, அவள் இல்லாமல், பத்தே நிமிடத்தில், ஒருவரும் சனூஸா எங்கே என்று கேட்டதாகக்கூட இல்லை, செயலி ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறது, ஒவ்வொரு பதிலாகக் கீழே இறக்கினாள், கீர்த்தனி… அவளையும் கேட்டிருக்கிறது. தடை ஏதும் இருக்கா? "வலது கண் மங்கலாக் கிடக்கு, பின்னேரத்தில திரை தெரியேல்ல, கன மாதமா இப்பிடித்தான், வெள்ளிக்கிழமை கிளினிக். ரெண்டு நாள் கூடத் தரேலுமா?" ஓம், தந்தாச்சு, கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கோ, என்றிருந்தது பதில். பார்த்துக்கொள்ளுங்கோ, அது அவளுடைய சொல், நாற்பது பக்கத்தில் எங்கோ எழுதிக் கொடுத்தது… கண்தானா, கலியாணம் இல்லையா, யார் சொன்னது கலியாணம் என்று, ஒருவரும் சொல்லவில்லை, அவளாகவே நினைத்துக்கொண்டாள். பத்து மாதம் எதிர்க் கதிரையில் இருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தவளிடம் ஒருநாளாவது என்னம்மா என்று கேட்டாளா, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ, எல்லார் முன்னாலும் அந்தச் செயலிக்கே சொன்னவள்… பஸ் மெல்ல நகர்ந்தது, பத்து மணிக்குச் சேர் கேட்கத்தான் போகிறார், அவரிடம் சொல்ல அவள் வைத்திருந்தது அந்த இரண்டு நாள் மட்டும்தான்.