இருபத்தெட்டு நாள் வேலிடிட்டி

1

இந்தக் கதை ஒரு ராங் நம்பரில் தொடங்கியது. போன வருஷம் ஒரு புதன்கிழமை மத்தியானம். ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனி கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் கிருபாராணி என்றாள். ஜவளகிரிக்கு அந்தப் பக்கம், கர்நாடக எல்லையில் காட்டோரமாய் ஒரு சின்ன ஊர். கணவனை மூன்று நாளாகக் காணவில்லை, அவன் பெயர் சூசை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

(மேலே உள்ள பத்தியில் ஒரு பொய் இருக்கிறது. தேட வேண்டாம். மூன்றாம் பகுதியில் நானே மாட்டிக்கொள்வேன்.)

முதல் வரியை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன்.

"காடு முடியும் இடத்தில் இருந்தது கிருபாராணியின் வீடு." அடித்துவிட்டேன். காடு எங்கே முடிகிறது என்று அங்கே திரியும் யானைகளுக்கே தெரியாது.

"கிருபாராணி அழவில்லை." இதையும் அடித்தேன். அழுதாள், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். கதை எழுதுகிறவனுக்கு அழாத பெண் தேவைப்படுகிறாள், அதுதான் விஷயம்.

"ஒரு மனிதன் காணாமல் போக வேண்டுமென்றால் முதலில்"

முதலில் என்ன? தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

2

போன மாதம் ஒருமுறை அந்த ஊருக்குப் போய், கிருபாராணியின் வீடு வரை போகாமல் ரீசார்ஜ் கடையோடு திரும்பிவிட்டேன். இந்தப் பகுதியை அந்தக் கடைக்காரன் பூபதி சொன்னதை வைத்து எழுதுகிறேன். அவன் சொல்லாமல் விட்டதை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன்.

சூசையின் போன் அவன் போன அன்று சாயங்காலமே அணைந்துவிட்டது. ஆனாலும் கிருபாராணி காலையில் ரோஜாத் தோட்டத்து வேலைக்குக் கிளம்பும்போது ஒருமுறையும், திரும்பி வந்ததும் ஒருமுறையும் கூப்பிடுவாள். "ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது" என்று ஒரு பெண்குரல் சொல்லும். அதைக் கேட்டாலே அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். மூன்று வாரம் கழித்து ஒருநாள் அந்தக் குரல், "சேவையில் இல்லை" என்று மாற்றிச் சொன்னது. செருப்பைக்கூடப் போடாமல் பூபதி கடைக்கு ஓடினாள்.

"நம்பரு செத்துப் போச்சா பூபதி?"

"பிளான் முடிஞ்சிடுச்சுக்கா. போடாம உட்டா கொஞ்ச நாள்ல வேற யாருக்காச்சும் குடுத்துடுவாங்க."

"யாருக்கு?"

"யாருக்கோ. அவனுங்க இஷ்டம்."

யாரோ ஒருவன் அந்த நம்பரில் ஹலோ என்று சொல்வான் என்பது அவளுக்கு மெல்லத்தான் உறைத்தது. உடனே போடச் சொன்னாள்.

"எந்த பிளானுக்கா? நெட் வேணுங்களா?"

கேட்ட பிறகுதான் பூபதி நாக்கைக் கடித்துக்கொண்டானாம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நின்று யோசித்தாள். சோறு தின்றதும் பழைய பாட்டு நாலு கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"நெட்டோடவே போடு."

"அப்ப எம்பத்திநாலு நாள் போட்டுக்குங்கக்கா. அதான் லாபம். சும்மா சும்மா அலைய வேணாம்."

"எம்பத்திநாலு நாளு வரமாட்டாருன்னு சொல்றியா நீ?"

பூபதி இருபத்தெட்டு நாள் பிளானைப் போட்டான்.*

அன்றிலிருந்து இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை அவள் அந்தக் கடைக்கு வருகிறாள். எம்பத்திநாலு என்று அவனும் மறுபடி வாயைத் திறக்கவில்லை.

புகார் கொடுத்த போலீஸ் ஸ்டேஷனில் இப்படிச் சொன்னார்கள். "கடைசி டவர் கர்நாடகாவுல காட்டுதும்மா. பார்டர் தாண்டிட்டான். நாங்க என்ன பண்றது?" கர்நாடகாவில் போய்க் கேட்டால், ஆள் உங்கள் ஊர், கேஸும் உங்கள் ஊர் என்று கன்னடத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஊர் வாய்க்கு டவர் தேவையில்லை. பெங்களூரில் எவளோ ஒருத்தியோடு சூசை குடித்தனம் நடத்துகிறான் என்று அதுவே முடிவு கட்டிவிட்டது.

* இதைச் சொல்லும்போது பூபதி சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து கடைக்குள் போனவன் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அந்தச் சிரிப்பைக் கதையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கே போட்டிருக்கிறேன்.

3

ராங் நம்பர் என்றேனே, அதுதான் பொய். கிருபாராணி சரியான நம்பருக்குத்தான் கூப்பிட்டாள். சூசை வீட்டுக் காலண்டரில் எழுதி வைத்திருந்த நம்பர் அது. பக்கத்தில், "ஓசூர் சார், போன், 4 மணி."

அந்த ஓசூர் சார் நான்தான்.

சூசை தன் போனை விற்க ஆன்லைனில் விளம்பரம் கொடுத்திருந்தான். "ஒரே கை. பில் இருக்கு. கீறல் இல்ல. கம்பெனில நிறுத்திட்டாங்க அதனால விக்கறேன்." காரணத்தை இப்படிப் பட்டென்று எழுதியவனை நான் பார்த்ததில்லை. பார்த்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: வேலை போனவன், அடித்துப் பேசினால் இறங்குவான். மூன்று நாள் பேசினேன், இறங்கினான். (இப்படிப்பட்ட ஒருவன்தான் இவ்வளவு நேரம் உங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான்.)

ஞாயிற்றுக்கிழமை தளியில் ஒரு வளைகாப்புக்கு வருகிறேன், அப்படியே உங்கள் ஊர்ப் பக்கம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். வளைகாப்பு வீட்டில் பந்தி முடிந்து சும்மா உட்கார்ந்திருந்தபோது, ஆன்லைன் தள்ளுபடியில் அதே போன், புதுசு, கொஞ்சம்தான் கூட. ஆர்டர் போட்டுவிட்டேன். மூன்று நாள் உயிரை எடுத்துவிட்டு வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "கெளம்பிட்டேன்" என்று ஒரு மெசேஜைத் தட்டிவிட்டு ஓசூர் பஸ் ஏறினேன். அதன் பிறகு அவனிடமிருந்து வந்தவை இவை. ஒரு எழுத்தையும் நான் தொடவில்லை.

4.40: சார் எங்க வந்துட்டு இருக்கீங்க

5.25: மேட்டு மேல வந்து நிக்கறேன் சார். ரோட்டுல டவர் இல்ல, இங்கதான் எடுக்குது. கீழ எறங்கிட்டா நீங்க கூப்ட்டா கெடைக்காது

6.20: சார் இருட்டுது. யானை எறங்கற நேரம். இருக்கட்டுங்களா போகட்டுங்களா

மூன்றையும் படித்தேன். படித்ததற்கான நீலக்குறி அவனுக்குத் தெரிந்திருக்கும். பார்த்துவிட்டார், பதில் போடுவார் என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பான்.

புதன்கிழமை கிருபாராணி கூப்பிட்டபோது நான் உண்மையில் சொன்னது இது: "நான் வரலேன்னு காலைலயே அவருகிட்ட சொல்லிட்டேனேம்மா."

போலீஸ் அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வாங்குகிறவர் வரமாட்டார் என்று தெரிந்தும் போனைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியிருக்கிறான், டவரும் கர்நாடகா, ஓடிப்போகத்தானே? ஒரே ஒருமுறை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அதே வாக்கியத்தைச் சொன்னேன். போனைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. இருபது வருஷமாக எழுதுகிறேன். நான் சொன்ன கதைகளில் எல்லோரும் நம்பியது அது ஒன்றைத்தான்.

4

முடிவுகள்.

அ) சூசை பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். மீசையை எடுத்துவிட்டான். கூட ஒருத்தி இருக்கிறாள், நன்றாகச் சமைக்கிறாள். இதை இரண்டு பக்கம் எழுதினேன். ஆள் நன்றாகத்தான் இருந்தான். மூன்றாம் பக்கத்தில் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எனக்கு மெசேஜ் போட ஆரம்பித்தான். கிழித்துப் போட்டேன்.

ஆ) மேட்டுக்குக் கீழே, உண்ணிப் புதருக்குப் பக்கத்தில், ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதற்கு நாலடி தள்ளி

மாட்டேன். இதை முடிக்க மாட்டேன்.

இ) எழுதுகிறவன் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறான்.

இ-யை எழுதிப் பார்ப்பதைவிடச் செய்து பார்த்துவிடலாம் என்று முந்தாநாள் பஸ் ஏறினேன்.

5

ஓசூர் சார் என்றதும் கிருபாராணி உள்ளே கூப்பிட்டாள். விரலெல்லாம் ரோஜா முள் கிழித்த கோடுகள். டீ போடப் போனாள். உட்கார முடியாமல் நான் சமையலறை நிலைப்படி வரை போய் நின்றேன். என் போன் சிணுங்கியது. கன்னடத்தில் ஒரு மெசேஜ்.

"கர்நாடகாவுக்கு வாங்கன்னு வந்திருக்குமே சார்," என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "எங்க வூட்டுல அடுப்பங்கரைக்கு வந்தா கர்நாடகா. வாசலுக்குப் போனா தமிழ்நாடு. மேட்டு மேல முழுக்க அவங்க டவருதான்."

அப்படியானால் சூசை பார்டரைத் தாண்டவே இல்லை. மேட்டிலேயே நின்றிருக்கிறான்.

"இத ஸ்டேஷன்ல சொன்னீங்களாம்மா?"

"இல்லீங்க."

"சொல்லியிருந்தா இந்தப் பக்கம் காட்டுல தேடியிருப்பாங்களே."

"தேடியிருப்பாங்க சார்." அடுப்பை அணைத்தாள். "தேடுனா கெடச்சிடுவாரே."

டீயை வடிகட்டி டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். நான் அதைக் கீழே வைத்துவிட்டு, மெசேஜ்களைக் காட்ட போனைத் திறந்தேன்.

"அம்மா, அன்னைக்கு நான்..."

"வரலேன்னு காலைலயே சொல்லிட்டீங்க. அதான சார் சொன்னீங்க?" குரல் உயரவில்லை. "பூசைக்குப் போயிட்டு வந்து சாயங்காலம் வரைக்கும் என் எதிர்க்கதான் உக்காந்திருந்தாரு. போனத் தொடச்சித் தொடச்சி வெச்சாரு. காலைல ஒரு மெசேஜும் வரல. உங்கமேல எனக்குக் கோவமில்லேன்னு நெனச்சிக்காதீங்க. வயிறு எரியுது. ஆனா நீங்க சொன்ன அந்த வார்த்தையாலதான் அவரு ஓடிப்போயிட்டாருன்றாங்க. எவகூடவோ சோறு தின்னுட்டு உசுரோட இருக்காருன்றாங்க. எனக்கு அது போதும். அத மாத்திடாதீங்க."

போனை மூடினேன். டீயை முழுக்கக் குடிக்கச் சொன்னாள். குடித்தேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "நாளன்னிக்கு அவரு பிளான் முடியுது. பூபதி கடை பூட்டிக் கெடக்குது, கிருஷ்ணகிரிக்கு கல்யாணத்துக்குப் போயிருக்கான். நீங்களே போட்டுவுடுங்க சார். எத்தன நாளுக்குன்னு நீங்களே பாத்துக்குங்க."

6

அந்த நாளன்னிக்கு இன்றுதான். ரீசார்ஜ் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நம்பரைத் தட்டியதும் மேலே பெயர் வருகிறது: "ஜவளகிரி போன்". சூசை என்று நான் சேமித்து வைக்கவே இல்லை. கீழே வரிசையாக இருபத்தெட்டு நாள், எம்பத்திநாலு நாள், ஒரு வருஷம். எதையும் தொடாமல் விட்டால் கொஞ்ச நாளில் யாரோ ஒருவன் ஹலோ என்பான்.

இந்தக் கதையை அச்சுக்குக் கொடுத்தால், மாற்றாதே என்று அவள் கேட்டுக்கொண்ட வார்த்தையை நான் மாற்றியவன் ஆவேன். கொடுக்காமல் வைத்துக்கொண்டால் சூசை இன்னமும் மேட்டில் என் பதிலுக்காகத்தான் நிற்கிறான். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் நான் கொடுத்துவிட்டேன். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன், ஆனால் எங்கே தேட வேண்டும் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும். கிருபாராணி சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கூப்பிட்டுப் பார்ப்பாள்.

6.20 மெசேஜுக்கு நான் இதுவரை பதில் போடவில்லை. நீங்களாவது போடுங்கள். அவன் கேட்டது அப்படியே இருக்கிறது:

இருக்கட்டுங்களா போகட்டுங்களா